வீவருக்குப் பிறகு

பேஸ்பாலில் மேனேஜர்கள் ஓய்வு பெறுவது அபூர்வம். பெரும்பாலும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அணி தோற்கும், பத்திரிகைகள் முணுமுணுக்கும், எல்லா ஆட்டக்காரர்களையும் ஒரே நாளில் மாற்ற வழியில்லாத உரிமையாளர், மாற்ற முடிந்த ஒருவரை மாற்றிவிடுவார். அப்படிப் போனவருடைய நாற்காலியில் வந்து உட்காருபவருக்குப் பெரிய தலைவலி இல்லை. கையில் கிடைப்பது நொண்டிக்கொண்டிருக்கும் அணி. அது இன்னும் மோசமாகிவிடாமல் பார்த்துக்கொண்டால் முதல் வருடம் ஓடிவிடும். தானாக எழுந்து போகிறவரின் இடத்துக்கு வருபவர் பாடுதான் திண்டாட்டம். நல்ல அணி கையில் வரும், கூடவே போனவரின் பேரும் வரும். ஜெயித்தால் அது போனவர் கட்டிவைத்த அணி. தோற்றால் இவர் கெடுத்த அணி.

1982 இலையுதிர் காலத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸ் நிர்வாகம் அப்படியொரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. எழுந்து போனவர் ஏர்ல் வீவர்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேஸ்பாலில் மைதானத்துக்குள் நிற்கும் கேப்டனுக்குப் பெரிதாக அதிகாரம் கிடையாது. யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, எந்த பிட்சரை (பந்து வீசுபவரை) எப்போது இறக்குவது, எப்போது அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு இன்னொருவரைக் கூப்பிடுவது, பேஸில் (ஓடிச் சேரும் முனையில்) நிற்கும் ஆளை ஓடவிடுவதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர் டக்அவுட்டில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர். அறுபது வயதானாலும் தொப்பை போட்டாலும் அவரும் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடையும் எண்ணும் அணிந்துகொள்வார். (ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணியின் கானி மேக் விதிவிலக்கு. ஐம்பது வருடம் கோட்டும் டையுமாகவே உட்கார்ந்து, 1950இல் எண்பத்தேழு வயதில் எழுந்தார். அணி அவருக்கே சொந்தம் என்பதால் எழுப்ப ஆளில்லை.) ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஆறு மாதம் முழு அணியோடு ஒரே அறையில், ஒரே விமானத்தில், ஒரே ஓட்டலில் காலம் தள்ள வேண்டும். வியூகத்துக்கு இணையாக இந்த வேலைக்குச் சகிப்புத்தன்மையும் தேவை.

வீவரிடம் இல்லாதது அதுதான் என்று சொல்வார்கள். ஐந்தடி ஏழங்குல உயரம். கீழ்மட்டமான மைனர் லீகில் இரண்டாவது பேஸில் வருடக்கணக்காக ஆடியும் உச்சமட்டமான மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்காதவர். 1968 ஜூலையில், சீசன் பாதியில், ஹாங்க் பாயரை நீக்கிவிட்டு இவரை நியமித்தார்கள். அடுத்த மூன்று வருடமும் ஓரியோல்ஸ் நூறு ஆட்டங்களுக்கு மேல் வென்றது. 1970இல் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் வென்றது. அம்பயரின் முகத்துக்கு இன்னும் நெருங்கிக் கத்தலாம் என்பதற்காகத் தொப்பியைப் பின்பக்கம் திருப்பிவைத்துக்கொள்வார். அம்பயர்கள் அவரைத் தொண்ணூறு தடவைக்கு மேல் மைதானத்தைவிட்டு வெளியேற்றியிருக்கிறார்கள். தன் அணியின் மிகச் சிறந்த பிட்சரான ஜிம் பால்மரோடு அவர் போட்ட சண்டைகளை வைத்து அமெரிக்கப் பத்திரிகைகள் பல வருடம் பிழைத்தன. அவ்வளவு சத்தம் போட்ட அதே ஆள்தான், எந்த மட்டையாளர் எந்த பிட்சரிடம் எப்படி ஆடியிருக்கிறார் என்ற கணக்கை அட்டைகளில் எழுதிவைத்து, அதைப் பார்த்து அன்றைய அணியைத் தீர்மானித்தார். கணினி இந்த ஆட்டத்துக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பு நடந்த காரியம் இது. ஸ்டேடியத்தில் இடதுபுற எல்லைக்கோட்டுக்கு வெளியே மைதானப் பராமரிப்பாளர் பாட் சான்டரோனோடு போட்டி போட்டுத் தக்காளி வேறு வளர்த்தார்.

1982 சீசனோடு ஓய்வு என்று முன்னதாகவே அறிவித்துவிட்டார். வயது 52. அந்த வருடமே அவருடைய 4ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி முடிவு செய்தது. சீசனின் கடைசி வாரக்கடைசியில் நான்கு ஆட்டங்கள் பாக்கி, மில்வாக்கி ப்ரூவர்ஸைவிட ஓரியோல்ஸ் மூன்று ஆட்டம் பின்னால். நான்குமே அந்த மில்வாக்கியோடுதான், பால்டிமோர் மெமோரியல் ஸ்டேடியத்தில். வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்டம், சனிக்கிழமை ஒன்று, மூன்றையும் ஓரியோல்ஸ் வென்று சமன் செய்தது. ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 3, பால்மர் பந்து வீசியும் 10–2 என்று தோற்றது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் கலையவில்லை. வீவர் மறுபடி வெளியே வரும்வரை கத்திக்கொண்டே இருந்தது. அவர் வந்தார், அழுதார். ஜெயித்த மில்வாக்கியைக் கவனிக்க ஆளில்லை.

இதற்குப் பிறகு ஒருவர் வந்து அந்த டக்அவுட்டில் உட்கார வேண்டும்.

ஓரியோல்ஸ் நிர்வாகத்தின் கையில் நல்ல ஆட்கள் இருந்தார்கள். பொது மேலாளர் ஹாங்க் பீட்டர்ஸுக்குத் தன் வீட்டு முற்றத்திலேயே இருவர் கிடைத்திருப்பார்கள். ஒருவர் பிட்சிங் கோச் ரே மில்லர். இன்னொருவர் மூன்றாவது பேஸ் கோச் கால் ரிப்கென், மூத்தவர். இளையவர், அதாவது அவருடைய மகன், அந்த வருடம்தான் அணியில் நிலைபெற்றிருந்தார். மூத்தவர் 1957இல் கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ஓரியோல்ஸ் அமைப்புக்குள் நுழைந்தவர். மைனர் லீகில் பதினான்கு வருடம் மேனேஜராக இருந்தவர். அந்த அமைப்பில் ஒரு முறைமை உண்டு. ஓரியோல்ஸ் வழி என்பார்கள். கீழ்மட்ட அணியிலிருந்து மேஜர் லீக் வரை பந்தைப் பொறுக்கி எறிவதையும், பேஸை மிதித்துத் திரும்புவதையும், இடைமறித்து வாங்கி எறிவதையும் ஒரே மாதிரிதான் சொல்லித்தருவார்கள். பதினெட்டு வயதில் சேரும் பையன் எந்த ஊர் அணியில் ஆடினாலும் அதே பாடம். அந்தப் பாடத்தை அச்சு அசலாகக் கற்பிப்பவர் என்று யாரையாவது காட்டச் சொன்னால் மூத்த ரிப்கெனைத்தான் காட்டுவார்கள்.

அவரை எடுக்கவில்லை. மில்லரையும் எடுக்கவில்லை. 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பெயர் ஜோ ஆல்டோபெல்லி.

வீவரைவிட இரண்டு வயது இளையவர். டெட்ராய்ட்டில் பிறந்த முதல் பேஸ்காரர். கிளீவ்லாந்து, மின்னசோட்டா அணிகளில் தலைகாட்டியிருக்கிறார், நிலைக்கவில்லை. ஓரியோல்ஸின் முதன்மையான மைனர் லீக் அணி நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்தது. 1971 முதல் 1976 வரை ஆறு சீசன் அதன் மேனேஜர் ஆல்டோபெல்லி. எடி முர்ரே, மைக் ஃபிளானகன், டென்னிஸ் மார்ட்டினெஸ், ரிச் டாவர் என்று பால்டிமோர் அணியின் முதுகெலும்பாக இருந்த பலரும் மேலே போகுமுன் அவர் கையைக் கடந்து போனவர்கள். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மேனேஜர் ஆனார். 1978இல் அந்த ஆண்டின் சிறந்த மேனேஜர் என்று பேரெடுத்தார், அடுத்த வருடமே வேலை போயிற்று. அப்புறம் யாங்க்கீஸ் அமைப்பில் சேர்ந்தார். அங்கிருந்துதான் இவரைக் கூப்பிட்டார்கள்.

இந்தத் தேர்வில் ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வீட்டின் பழக்கவழக்கம் தெரிந்தவர் வேண்டும், ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்தவர் கூடாது. கோச்சாக இருந்தவர் மேனேஜரானால் நேற்று வரை தோளில் கைபோட்டுப் பேசிய ஆட்டக்காரரை இன்று பெஞ்சில் உட்காரவைக்க வேண்டியிருக்கும். வீவர் பத்து வருடம் பக்கத்தில் வைத்திருந்த ஆள் என்றால் ஒவ்வொரு முடிவுக்கும், வீவர் இப்படிச் செய்திருக்க மாட்டாரே என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். முழுக்க வெளியாளைக் கொண்டுவந்தால் அவர் தன் ஆட்களைக் கூட்டிவந்து, தன் பாடத்தைத் தொடங்கிவிடுவார். ஆறு வருடம் வெளியே சுற்றிவிட்டுத் திரும்பிவரும் பழைய ஆள் இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவில் நிற்கிறார். இவ்வளவும் கணக்குப் போட்டுத்தான் எடுத்தார்களா, தற்செயலா என்பது இரண்டாம்பட்சம். தேர்வு சரியானது.

சரியான தேர்வு என்பதற்கு நான் காட்டும் சான்று 1983இல் அவர் கீழ் அணி வென்ற உலகத் தொடர்க் கோப்பை இல்லை. வந்தவர் எதையெல்லாம் தொடாமல் விட்டார் என்பதுதான். வீவரின் கோச்சுகள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டார். தன்னோடு போட்டியிலிருந்த மில்லர் பிட்சர்களோடு, ரிப்கென் மூன்றாவது பேஸ் பக்கத்தில், எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தார்கள். இடது ஃபீல்டில் ஜான் லோவென்ஸ்டைனையும் கேரி ரோனிக்கையும் எதிரணி பிட்சர் இடக்கையா வலக்கையா என்று பார்த்து மாற்றி மாற்றி இறக்குவது வீவரின் ஏற்பாடு. அது அப்படியே தொடர்ந்தது. இளைய ரிப்கெனை மூன்றாவது பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடைப்பட்ட இடம்) மாற்றியது வீவர் போகும் வருடத்தில் எடுத்த முடிவு. அவ்வளவு உயரமான ஆளை அங்கே நிறுத்துவதா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். புதிதாக வரும் மேனேஜர் தன் வருகையைக் காட்ட நினைத்தால் முதலில் கைவைக்கக்கூடிய இடம் அது. ஆல்டோபெல்லி கைவைக்கவில்லை. அந்தச் சீசனில் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த ஷார்ட்ஸ்டாப்புக்குப் போனது.

புதிதாகப் பதவிக்கு வருபவர்களை எல்லாத் துறையிலும் பார்க்கிறோம். வந்த மூன்றாம் நாள் மேசையைத் திருப்பிப் போடுவார்கள். நான் வந்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கை பரபரக்காமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு திறமைதான், அதற்குக் கைதட்டத்தான் ஆளில்லை.

கைகட்டி உட்கார்ந்தே காலம் தள்ளினார் என்றும் எண்ணிவிட வேண்டாம். அந்த வருடம் அணி இரண்டு தடவை தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் தோற்றது. ஃபிளானகனுக்கு முழங்கால் காயம், பால்மருக்கும் உடல்நிலை ஒத்துழைக்கவில்லை. வீவர் விட்டுப்போன பிட்சர் வரிசையில் பாதி இல்லை. மே மாதம் ராச்செஸ்டரிலிருந்து வந்த மைக் பாடிக்கர் என்ற பையனிடம் பந்தைக் கொடுத்தார். அவன் 16 ஆட்டங்கள் வென்றான். பிளேஆஃபில் சிகாகோ வைட் சாக்ஸுக்கு ஒரு ரன்னும் கொடுக்காமல் 14 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தான்.

அவருடைய குணத்தைக் காட்ட ஒரு ராத்திரியைச் சொல்லலாம். ஆகஸ்ட் 24, டொராண்டோ ப்ளூ ஜேஸோடு ஆட்டம். பின்தங்கியிருந்த ஆட்டத்தை ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் எப்படியாவது எட்டிப்பிடிக்க ஆல்டோபெல்லி கையிலிருந்த மாற்று ஆட்களையெல்லாம் அள்ளி இறைத்துவிட்டார். ஆட்டம் சமனாகிவிட்டது. பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போதுதான் நிலைமை தெரிகிறது. அணியில் கேட்சர் மிச்சமில்லை. கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் லென் சகாடா. ஹவாய்க்காரர், உள்வட்ட ஆட்டக்காரர், மேஜர் லீகில் அதுவரை கேட்சராக நின்றதே இல்லை. இரண்டாவது பேஸில் லோவென்ஸ்டைன், மூன்றாவது பேஸில் ரோனிக், இருவருமே வெளிவட்டத்துக்காரர்கள். டொராண்டோ முதலில் ஒரு ஹோம் ரன் அடித்து முன்னேறியது. அடுத்தவரும் பேஸில் ஏறினார். பந்து வீச இடக்கைக்காரரான டிப்பி மார்ட்டினெஸைக் கூப்பிட்டார்கள்.

கேட்சர் கத்துக்குட்டி என்றால் பேஸில் நிற்பவருக்குக் கொண்டாட்டம். அடுத்த பேஸைத் திருட ஓடினால் பிடித்து எறியக் கை வராது. முதல் பேஸிலிருந்து பாரி பானெல் ஓடுவதற்குத் தோதாக நாலடி தள்ளி நின்றார். இடக்கை பிட்சருக்கு முதல் பேஸ் முகத்துக்கு நேரே தெரியும். மார்ட்டினெஸ் சகாடாவுக்கு வீசுவதற்குப் பதில் முதல் பேஸுக்கு வீசினார். பானெல் அவுட். அடுத்து டேவ் காலின்ஸ், நான்கு தவறான பந்துகளை விட்டு, நடந்தே முதல் பேஸுக்கு வந்தார். அவரும் ஆசைப்பட்டார், அவரும் அவுட். மூன்றாவதாக வில்லி அப்ஷா. அவருக்கும் அதே கதி. ஒரே இன்னிங்ஸில் மூன்று பேரை ஒரே பிட்சர் இப்படிப் பிடித்தது அந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் எழுதப்பட்டுவிட்டது. கேட்சராக உட்கார்ந்த சகாடா இருக்கும் தைரியத்தில்தான் அவர்கள் அத்தனை தூரம் விலகி நின்றார்கள் என்பதுதான் வேடிக்கை. பிறகு ஓரியோல்ஸ் ஆடியது. இளைய ரிப்கென் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். இரண்டு பேர் பேஸில் நிற்க, மட்டையோடு வந்தவர் அதே சகாடா. பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. 7–4.

இது அதிர்ஷ்டம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கடைசி கேட்சரையும் செலவழிக்கும் துணிச்சல் வீவரின் அட்டைகளில் எழுதியிருக்காது. உலகத் தொடரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான நான்காவது ஆட்டத்திலும் அதே குணம். ஆறாவது இன்னிங்ஸில் தொடர்ந்து நான்கு பேரை, ஒருவர் பின் ஒருவராக, மாற்று மட்டையாளராக இறக்கினார். அதில் கென் சிங்கிள்டன் பந்தை அடிக்காமலே, பொறுமையாக நின்று, நான்கு தவறான பந்துகளை விட்டுச் சமன் செய்யும் ரன்னை வாங்கித்தந்தார். ஜான் ஷெல்பி உயர அடித்த பந்தில் இன்னொருவர் ஓடிவந்தார். 5–4 என்று வெற்றி. மறுநாள் அக்டோபர் 16, ஸ்காட் மெக்ரிகர் ஒரு ரன்னும் விடாமல் முடித்தார். முதல் ஆட்டத்தில் தோற்று அடுத்த நான்கையும் வென்ற அணிக்கு அந்த வருடம் மேனேஜர் வீவர் இல்லை.

அப்படியிருந்தும் அதை வீவர் விட்டுச்சென்ற அணி என்றே அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் முந்தின வருடம் அதே அணியோடு வீவர் கடைசி நாளில் தோற்றார் என்பதை மட்டும் அந்தப் பேச்சில் கழித்துவிடுகிறார்கள்.

1984இல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் நாற்பது ஆட்டங்களில் முப்பத்தைந்தை வென்று சீசனை மே மாதத்திலேயே முடித்துவைத்தது. ஓரியோல்ஸ் 85 வெற்றிகளோடு ஐந்தாம் இடம். பால்மரை அந்த மே மாதம் விடுவித்தார்கள். சீசன் முடிவில் சிங்கிள்டன் போனார், அல் பம்ப்ரியும் போனார். 1985 தொடங்குமுன்பே ஃபிளானகனின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஓர் அணிக்கு மொத்தமாக வயதாகிக்கொண்டிருந்தது. இதற்கு மேனேஜர் என்ன செய்ய முடியும்? உரிமையாளர் எட்வர்ட் பென்னட் வில்லியம்ஸ் வாஷிங்டனின் பிரபலமான வழக்கறிஞர், தோற்றுப் பழக்கமில்லாதவர். ஃபிரெட் லின் போன்றவர்களைப் பணம் கொடுத்து வாங்கினார். ஜூன் மாதம் அணி 29 வெற்றி, 26 தோல்வி என்று இருந்தபோது ஆல்டோபெல்லியை நீக்கினார். ஒரே ஒரு ஆட்டத்துக்கு மூத்த ரிப்கென் அணியை நடத்தினார், அதை வென்றார். மறுநாள் 4ஆம் எண் சீருடை போட்டுக்கொண்டு வீவர் திரும்பிவந்தார்.

என் வருத்தம் இந்த இடத்தில்தான். ஆல்டோபெல்லியை நீக்கியதற்காகக்கூட இல்லை. மேனேஜரை நீக்குவது அந்த ஊரில் மழை பெய்கிற மாதிரி. ஓய்வு பெற்றவரை மறுபடி கூப்பிட்டதன் மூலம், 1982 நவம்பரில் தாங்கள் யாரையும் தேர்ந்தெடுக்கவே இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இடைப்பட்ட இரண்டரை வருடமும், ஒரு உலகத் தொடர்க் கோப்பை உட்பட, காலியான நாற்காலியில் துண்டு போட்டு வைத்த காலம் என்று ஆகிவிட்டது. வாரிசைத் தேர்ந்தெடுப்பது எளிது, போனவரைப் போகவிடுவதுதான் யாருக்கும் கைவருவதில்லை. ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைவிட்டுப் போகாமல் கத்திய கூட்டம், மனசளவில் பிறகும் போகவில்லை.

வீவர் என்ன செய்தார்? 1985இன் மிச்சத்தைப் பாதிக்குப் பாதி வென்று ஒப்பேற்றினார். 1986 ஆகஸ்ட் தொடக்கத்தில் முதலிடத்துக்கு இரண்டரை ஆட்டம் தள்ளி நின்றது அணி. அதற்குப் பிறகு ஆடிய 56 ஆட்டங்களில் 42 தோல்வி. கடைசி இடம். பால்டிமோருக்கு வந்த 1954 முதல் அந்த அணி கடைசி இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. வீவருக்கு வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக அமைந்த ஒரே சீசனும் அதுதான். இரண்டாம் முறை ஓய்வு பெற்றார். இம்முறை கூட்டம் கத்தவில்லை.

அப்போதுதான் மூத்த ரிப்கெனின் முறை வந்தது. முப்பது வருடம் காத்திருந்தவருக்கு, பழம் தின்று கொட்டை போட்ட பிறகு தோலைக் கொடுத்தார்கள். 1987இல் அவருடைய இரண்டு மகன்களும், காலும் பில்லியும், அவருக்குக் கீழே ஆடினார்கள். ஒரே சமயத்தில் இரு மகன்களுக்கு மேனேஜராக இருந்தவர் மேஜர் லீகில் அவருக்கு முன் இல்லை. அந்த வருடம் 95 தோல்வி. 8,243 இன்னிங்ஸ்கள் ஒன்றுகூட விடாமல் ஆடிக்கொண்டிருந்த மகனை ஒரு செப்டம்பர் இரவு, ஆட்டம் கைமீறிப் போனபோது, வெளியே உட்காரச் சொன்னவரும் அவர்தான். வேறு எந்த மேனேஜருக்கும் அந்தத் துணிவு வந்திருக்காது. 1988இல் முதல் ஆறு ஆட்டங்கள் தோற்றதும் அவரை நீக்கினார்கள். ஆறே ஆறு. அவருக்குப் பிறகு வந்த ஃபிராங்க் ராபின்சனின் கீழ் அணி மேலும் பதினைந்து ஆட்டங்கள் தோற்று, 21 தோல்வியோடு சீசனைத் தொடங்கிய அணி என்ற பேரை வாங்கியது. குற்றம் யாருடையது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது, ஆனால் ரிப்கெனுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. அப்பா அணிந்த 7ஆம் எண்ணை பில்லி எடுத்து அணிந்துகொண்டான். மூத்தவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அடுத்த வருடமே மறுபடி மூன்றாவது பேஸ் பக்கத்தில் கோச்சாக வந்து நின்றார்.

1982இல் இவரை எடுத்திருந்தால்? இந்தக் கேள்வியை ஓரியோல்ஸ் ரசிகர்கள் அலுக்காமல் கேட்பார்கள். 1983இன் அணியை அவரிடம் கொடுத்திருந்தாலும் அது வென்றிருக்கலாம். நல்ல ஆசிரியருக்கு நல்ல வகுப்பு ஒன்றாவது கிடைத்திருக்கும். அமைப்புக்கு உழைத்தவருக்கு உரிய காலத்தில் உரியதைக் கொடுக்காமல், வண்டி சக்கரம் கழன்ற பிறகு கடிவாளத்தைக் கையில் திணித்தது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆல்டோபெல்லியின் தேர்வு சரி என்கிறேன், ரிப்கெனுக்கு நடந்தது அநியாயம் என்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் உண்மை.

இதையே வேறு மாதிரி செய்து காட்டியவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் வால்டர் ஆல்ஸ்டன் 1954 முதல் 23 சீசன், ஒவ்வொரு வருடமும் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டே மேனேஜராக இருந்தார். 1976 செப்டம்பரில் நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது விலகினார். அந்த நான்கு ஆட்டங்களையே புதியவருக்குக் கொடுத்தார்கள். டாமி லசோர்டா நான்கு வருடமாக மூன்றாவது பேஸ் கோச். அதற்கு முன் மைனர் லீகில் கார்வி, சே, லோப்ஸ், ரஸ்ஸல் எல்லாரையும் மேய்த்தவர். மடங்களில் சின்னப்பட்டம் கட்டிவைப்பது போலத்தான். யார் வரப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த இரண்டு வருடமும் டாட்ஜர்ஸ் உலகத் தொடர் வரை போனது. ஆல்ஸ்டன் அதற்குப் பிறகு டக்அவுட் பக்கம் தலைகாட்டவில்லை. அந்த ஏற்பாட்டுக்கு அவருடைய இந்த ஒதுங்கலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1954இலிருந்து 1996 ஜூலை வரை அந்த அணிக்கு இரண்டே மேனேஜர்கள்.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 2011இல் உலகத் தொடரை வென்ற மூன்றாம் நாள் டோனி லா ரூசா ஓய்வை அறிவித்தார். எங்கும் மேனேஜராக இருந்திராத மைக் மாத்தனி என்ற பழைய கேட்சரைப் போட்டார்கள். இரண்டே வருடத்தில் அணி உலகத் தொடருக்குப் போனது, 2018இல் அவர் வேலையும் போனது. இதில் நான் சொல்ல வந்தது லா ரூசாவைப் பற்றி. அவரும் திரும்பிவந்தார். 1986இல் தன்னை நீக்கிய அதே சிகாகோ வைட் சாக்ஸுக்கு, எழுபத்தாறு வயதில், 2021 சீசனுக்கு மேனேஜராக. நீக்கியது தப்பு என்று பல வருடம் வருந்திக்கொண்டிருந்த அதே உரிமையாளர்தான் கூப்பிட்டார். முதல் வருடம் டிவிஷனை வென்றார்கள். அடுத்த வருடம் உடல்நலம் கெட்டு, சீசன் முடியுமுன்பே அவர் விலக வேண்டியிருந்தது. உரிமையாளர்களின் பழைய பாசத்துக்கு ஆட்டக்காரர்கள்தான் கூலி கொடுக்கிறார்கள்.

வீவர் 1996இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். நியாயமான மரியாதை. ஆல்டோபெல்லி அதன் பிறகு எந்த மேஜர் லீக் அணிக்கும் நிரந்தர மேனேஜர் ஆகவில்லை. யாங்க்கீஸிலும் கப்ஸிலும் கோச்சாக இருந்துவிட்டு ராச்செஸ்டருக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே பொது மேலாளராக இருந்தார், பிறகு வருடக்கணக்கில் வானொலியில் ஆட்டத்தை வர்ணித்தார். அவருடைய 26ஆம் எண்ணை அந்த மைனர் லீக் அணி ஓய்வுபெற வைத்தது. ஸ்டேடியத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. 2021 மார்ச்சில், 88 வயதில், அந்த ஊரிலேயே இறந்தார். பால்டிமோரில் அவர் பேரைச் சொன்னால் அடுத்த வார்த்தை வீவர் என்றுதான் வரும்.

கணக்கு இதுதான். பால்டிமோர் ஓரியோல்ஸ் மூன்று முறை உலகத் தொடரை வென்றிருக்கிறது. 1966இல் ஹாங்க் பாயர், 1970இல் வீவர், 1983இல் ஜோ ஆல்டோபெல்லி. அதற்குப் பிறகு அந்த அணி உலகத் தொடரில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.